வீட்டைக் காலி செய்கையில் வந்த வரி

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் வேலை செய்யும் ஒருவர் தம் மனைவியுடன் என்னைக் காண வந்தார். 11 ஆண்டுகளாகக் குடியிருந்த மாடி வீட்டைக் காலி செய்து ஆவடிக்குப் போகிறார்கள். புதிய வீட்டிற்கு முன்பணம் தர நாள் குறித்தாயிற்று. அதற்கு அவர்கள் நம்பியிருந்ததோ பழைய வீட்டில் கொடுத்து வைத்திருந்த 60,000 ரூபாயை. அவ்வீட்டுக்கு உரியவரான அம்மையார், "ஆறு அரையாண்டு வீட்டு வரி பாக்கி நிற்கிறது. நீங்கள் குடியிருந்த காலத்து வரிதானே? கழித்துக்கொண்டுதான் தருவேன்" என்று கூறிவிட்டாராம். "சுவாமி, அந்த வரி எங்கள் கடனா?" என்று கேட்கையில் அந்தப் பெண்ணின் குரல் தழுதழுத்தது.

அன்பர்களே, இக்கேள்வி பல வீடுகளில் எழுவதுதான். சொத்து வரி கட்டடத்தைப் பற்றி நிற்பது. மாநகராட்சி அதைக் கேட்பது வரிப் பதிவேட்டில் பெயருள்ள உரிமையாளரிடம். குடித்தனக்காரர் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலன்றி அது அவர் தலையில் விழாது. ஒப்பந்தத்தைக் கேட்டேன். மஞ்சளேறிய முத்திரைத்தாள் ஒன்றை நீட்டினார்கள். 11 மாதத்துக்கு எழுதியது, காலாவதியாகிப் பத்தாண்டு. அதில் வாடகை, மின் கட்டணம், தண்ணீர் என்று மூன்றே சொற்கள். வரியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. (பதிவுச் செலவுக்கு அஞ்சி 11 மாதத்துக்கு எழுதுவது நம் பழைய வழக்கம். 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமோ ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதியச் சொல்கிறது. எத்தனை பேர் பதிகிறோம்?)

மறுநாள் அந்த அம்மையாரைப் போய்ப் பார்த்தேன். கடுமையானவர் என்று எண்ணிச் சென்ற நான் வெட்கமடைந்தேன். 2022-இல் கணவரை இழந்தவர். வரி கட்டுவதெல்லாம் கணவர் வேலை. ரசீதுகள் அவருடைய தகரப் பெட்டியில் இன்னும் அடுக்கியபடியே இருந்தன. அதே ஆண்டில்தான் அரசு சொத்து வரியை உயர்த்தியது. 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த அம்பத்தூர் போன்ற பகுதிகளில், குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 விழுக்காடு. பழைய நகரப் பகுதிகளில் இதைவிடக் கூடுதல். அம்மையார் வீட்டு வரி ஒன்றரை மடங்காயிற்று. கட்டாத தொகைக்கு மாதம் ஒரு விழுக்காடு தனிவட்டி சேர்ந்துகொண்டே வந்தது. அரையாண்டின் முதல் 30 நாளுக்குள், அதாவது ஏப்ரலிலோ அக்டோபரிலோ கட்டினால் 5 விழுக்காடு, 5,000 ரூபாய்க்கு மேற்படாமல், தள்ளுபடி உண்டென்று சொன்னபோது, "அதை யார் எனக்குச் சொன்னார்கள்?" என்றார். நான் மறுமொழி சொல்லவில்லை. அவர் கழிக்க எண்ணிய பாக்கி, கீழே தாம் குடியிருக்கும் பகுதிக்கும் சேர்ந்த வரி என்பதை மட்டும் மெல்ல எடுத்துக் கூறினேன். சற்று நேரம் பேசாதிருந்தார்.

முன்பணத்தைப் பற்றியும் அச்சட்டம் தெளிவாகவே பேசுகிறது. வேறு உடன்பாடு இல்லாதவிடத்து மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கலாகாது. வீடு காலியான ஒரு மாதத்துக்குள், குடியிருந்தவர் தர வேண்டியதை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

ஆனால் நம் நண்பர் தர வேண்டியதும் ஒன்று இருந்தது! கடைசி இரண்டு மாத மின் கட்டணம். "இணைப்பு அந்த அம்மா பெயரில்தானே இருக்கிறது" என்று இழுத்தார். இதை நான் ஒப்பவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது, எரித்ததும் அவர்களே. மின்வாரிய பாக்கி இணைப்போடு ஒட்டிக்கொள்வது. ஒரு கட்டடத்தின் பழைய உரிமையாளர் வைத்துப்போன பாக்கியை, மின் விதிகள் இடம் தருமானால், வாங்கிய புதியவரிடமும் கேட்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2023 மே 19-இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே, சாவியைக் கொடுக்கும் நாளில் இருவரும் மீட்டர் முன் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன்.

இங்கிலாந்தில் செவிலியராய்ப் பணிபுரியும் நம் பெண்ணொருத்தி தொலைபேசியில் இதைக் கேட்டுச் சிரித்தாள். 1993 முதல் அங்கே நடப்பிலிருக்கும் 'கவுன்சில் டாக்ஸ்' பெரும்பாலும் குடியிருப்பவரையே சேர்ந்ததாம். காலி செய்யும் தேதியை நகராட்சிக்குத் தெரிவித்தால், நாள் கணக்குப் பார்த்து இறுதிச் சீட்டு அனுப்புவார்கள். கூடுதலாகக் கட்டியிருந்தால் திரும்பி வரும். பாக்கி வைத்துப் போனால், நீதிமன்ற ஆணை பெற்றுச் சம்பளத்திலேயே பிடித்துக்கொள்ளவும் வழியுண்டு. கூட்டாக வாடகைக்கு எடுத்தவர்களில் ஒருவர் நழுவினால், மீதிப்பேர் முழுத் தொகைக்கும் பொறுப்பு. அவளுக்கு அது நேர்ந்திருக்கிறது. வெளிநாடு செல்லும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் காதில் போட்டு வையுங்கள்.

அம்மையார் முன்பணத்தை இரு தவணையாய்த் தந்தார், மின் கட்டணம் போக. வரி பாக்கியைக் கட்ட நம் இளைஞர் ஒருவர் அவரோடு மண்டல அலுவலகம் சென்று வந்தார். ஆவடி வீட்டு ஒப்பந்தம் எழுதிய அன்று அந்தப் பெண் என்னிடம் தாளைக் காட்டினார். "சொத்து வரி வீட்டுக்காரரைச் சேர்ந்தது" என்ற வாசகத்தை எழுத்தரிடம் தானே சொல்லி எழுத வைத்தாராம்.