படம் படிக்கப் பழகுவோம்!

ஒரு காலம் இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பத்திரத்தில் கைநாட்டு வைத்தார்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. படித்தவர் சொன்னதை நம்பினார்கள். பலருடைய நிலம் அப்படித்தான் கைமாறிப் போயிற்று.

இன்று எழுத்துத் தெரிந்தவர்கள் பெருகிவிட்டார்கள். ஆனால் இன்னொரு வகைக் கைநாட்டு வந்திருக்கிறது. அது, படம் படிக்கத் தெரியாத கைநாட்டு!

நாம் சொல்வது சினிமாப் படத்தை அல்ல, நிலப் படத்தை.

ஏரி எது, புறம்போக்கு எது, காடு எவ்வளவு, நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பவை எல்லாம் இன்று கம்ப்யூட்டரில் படமாக ஏறி வருகின்றன. சாலை எங்கே போவது, தொழிற்சாலை எங்கே வருவது என்று முடிவு செய்யும்போது அந்தப் படங்களை விரித்துப் பார்க்கிறார்கள். படம் படிக்கத் தெரிந்தவர் பேசுகிறார். தெரியாதவர் தலையாட்டுகிறார்.

தலையாட்டுகிறவரின் ஏரி நிலைக்குமா? நிலைக்காது. ஆகவே படம் படிக்கும் கல்வி எல்லோருக்கும் வேண்டும் என்று நாம் சொல்லுகிறோம்.

பெயர் பெரிது, விஷயம் சிறிது

இந்தக் கல்விக்கு ஜி.ஐ.எஸ். என்று பெயர். தமிழில் 'புவியியல் தகவல் அமைப்பு' என்கிறார்கள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். விஷயம் எளியது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எண்ணெய்த் தாளை வைத்துப் படம் எடுப்பார்கள் அல்லவா? அதுபோல ஓர் ஊருக்குப் பல தாள்கள் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் ஏரி, குளம், வாய்க்கால். இன்னொரு தாளில் மண்ணின் வகை. மூன்றாவது தாளில் மேடு பள்ளம். நான்காவதில் வீடும் சாலையும். ஐந்தாவதில் கிணறுகள்.

எல்லாத் தாள்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எந்த வாய்க்காலின் குறுக்கே சாலை போகிறது? எந்தப் பள்ளத்தில் வீடு கட்டியிருக்கிறார்கள்? எந்தக் கிணறு ஏரிக்குப் பக்கத்தில் இருக்கிறது? எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இந்த வேலையைத்தான் கம்ப்யூட்டர் செய்கிறது.

தாள்களில் இருப்பவை என்ன? புள்ளி, கோடு, பரப்பு. இவ்வளவுதான். கிணறு ஒரு புள்ளி. வாய்க்கால் ஒரு கோடு. ஏரி ஒரு பரப்பு. தினமும் வாசலில் கோலம் போடும் பெண்களுக்கு இந்த மூன்றும் தெரியும். கம்ப்யூட்டர் போடுவதும் ஒரு கோலமே. ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு விலாசம் உண்டு என்பதுதான் வேறுபாடு. அந்த விலாசமே அட்சரேகை, தீர்க்கரேகை.

கனடாவில் தொடங்கியது

இதைத் தொடங்கி வைத்தவர் ராஜர் டாம்லின்சன் என்ற புவியியல் அறிஞர். இங்கிலாந்தில் பிறந்தவர். கனடாவில் வேலை பார்த்தவர்.

ஆப்பிரிக்காவில் உள்ள கென்யா நாட்டில் மரம் வளர்க்க ஏற்ற இடம் எது என்று கண்டுபிடிக்கும் வேலை அவரிடம் வந்தது. படங்களைக் கையால் அடுக்கிப் பார்த்தால் ஆகும் செலவு மிக அதிகம். கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் என்ன என்று அவர் யோசித்தார்.

அப்போது கனடா அரசுக்கும் ஒரு கவலை இருந்தது. எந்த நிலத்தில் பயிர் செய்யலாம், எந்த நிலத்தைக் காடாக விடலாம் என்று கணக்கெடுக்க வேண்டியிருந்தது. நிலத்தின் அளவு 25 லட்சம் சதுர கிலோமீட்டர்! 1960-களில் டாம்லின்சனின் யோசனையை அரசு ஏற்றுக்கொண்டது. உலகின் முதல் ஜி.ஐ.எஸ். அப்படிப் பிறந்தது. டாம்லின்சன் 2014-ல் காலமானார்.

கவனியுங்கள். இந்தக் கலை போருக்காகப் பிறக்கவில்லை. மண்ணையும் மரத்தையும் காப்பதற்காகப் பிறந்தது.

நிலம் அளக்கும் கலை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. இந்தியாவையே அளந்த பெரிய சர்வேக்கு அடிக்கோடு போட்ட இடம் சென்னைக்குப் பக்கத்தில் உள்ள பரங்கிமலைதான். 1802-ம் ஆண்டு லாம்டன் அங்கே அளக்கத் தொடங்கினார். அன்று சங்கிலி. இன்று செயற்கைக்கோள்.

ஏரி ஏன் நிரம்பவில்லை?

ஓர் ஊரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். நல்ல மழை பெய்தது. ஏரி நிரம்பவில்லை. ஏன்?

ஊரார் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். தூர் வாரவில்லை என்பார் ஒருவர். மதகு ஒழுகுகிறது என்பார் மற்றொருவர்.

படம் படிக்கத் தெரிந்த ஒரு பெண் அந்த ஊரில் இருக்கிறாள். அவள் கிராம வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறாள். அதன்மேல் மேடு பள்ளத் தாளை வைக்கிறாள். தண்ணீர் எந்தப் பக்கமிருந்து ஓடி வர வேண்டும் என்று தெரிகிறது. பழைய செயற்கைக்கோள் படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைக்கிறாள். பழைய படத்தில் வரத்துக் கால்வாய் இருக்கிறது. புதிய படத்தில் பாதி வழியில் காணோம். அங்கே ஒரு சாலை!

அடுத்து அவள் என்ன செய்ய வேண்டும்? அந்த இடத்துக்கு நடந்து போக வேண்டும். சாலைக்கு அடியில் குழாய் இருக்கிறதா, அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஊர்ப் பெரியவர்களை அழைத்துப் போய், "தாத்தா, கால்வாய் முன்பு எந்த வழியாகப் போயிற்று?" என்று கேட்க வேண்டும்.

அப்போதுதான் மனு எழுதலாம். "ஏரி நிரம்பவில்லை, ஆவன செய்க" என்ற மனு வேறு. "இந்த சர்வே எண்ணில், இந்த இடத்தில் கால்வாய் அடைபட்டிருக்கிறது" என்று படத்தோடு கொடுக்கும் மனு வேறு. இரண்டாவது மனுவைத் தட்டிக் கழிப்பது கடினம்.

படத்தை அப்படியே நம்பலாமா?

கூடாது! இதுவும் பாடத்தின் ஒரு பகுதியே.

செயற்கைக்கோள் படம் என்பது கட்டம் போட்ட துணி மாதிரி. ஐரோப்பாவின் சென்டினல்-2 என்ற செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டம் 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். அதாவது ஏறத்தாழ இரண்டரை சென்ட் நிலம். உங்கள் வீட்டுக் கிணறு அதில் தெரியாது.

ஏரி முழுவதும் ஆகாயத்தாமரை படர்ந்திருந்தால் படத்தில் பச்சையாகத் தெரியும். பயிர் என்று நினைத்து ஏமாறலாம். ஏரிக்குள் சீமைக்கருவேலம் மண்டியிருந்தால் அதுவும் பச்சைதான்.

காட்டுக் கணக்கிலும் இப்படி ஒரு செய்தி உண்டு. ஒரு எக்டேருக்குக் குறையாத இடத்தில் பத்தில் ஒரு பங்கு நிலத்துக்காவது மரங்களின் தலை கவிந்திருந்தால், அதைக் 'காடு கவிந்த நிலம்' என்று இந்திய வன அளவைத் துறை கணக்கில் சேர்க்கிறது. தோப்பும் அதில் வரும், தோட்டமும் வரும். ஆகவே பச்சை கூடிவிட்டது என்று படித்தவுடன் மகிழ்ந்துவிடக் கூடாது. எந்தப் பச்சை என்று கேட்க வேண்டும்.

கேட்கத் தெரிவதற்குப் பெயர்தான் கல்வி.

பிரேசில் தரும் பாடம்

தென் அமெரிக்காவில் அமேசான் என்ற பெருங்காடு இருக்கிறது. அதன் பெரும்பகுதி பிரேசில் நாட்டில் உள்ளது. 1988 முதல் அந்த நாட்டு விண்வெளி ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் படங்களை வைத்து அழிந்த காட்டை ஆண்டுதோறும் அளந்து வருகிறது.

2004-ல் மட்டும் அழிந்த காடு 27,772 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் அதிகம்!

ஆண்டுக் கடைசியில் கணக்குப் பார்த்துப் பயன் என்ன? மரம் போன பிறகுதானே தெரிகிறது? ஆகவே 2004-ல் ஒரு புதிய ஏற்பாடு செய்தார்கள். காடு வெட்டப்படுவதை அடிக்கடி படத்தில் பார்த்து, உடனே அதிகாரிகளுக்குச் செய்தி அனுப்பினார்கள். அதிகாரிகள் அந்த இடத்துக்கே போய் அபராதம் போட்டார்கள். காப்புக்காடுகளைக் கூட்டினார்கள். காடு அழிப்பவர்களுக்கு வங்கிக் கடன் கிடைப்பதும் கடினமாயிற்று. 2012-ல் அழிவு 4,571 சதுர கிலோமீட்டராகக் குறைந்தது. ஆறில் ஒரு பங்கு!

பிறகு கண்டிப்பு தளர்ந்தது. 2021-ல் அழிவு 13,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. செயற்கைக்கோள் அப்போதும் மேலே சுற்றிக்கொண்டுதான் இருந்தது. படமும் வந்துகொண்டுதான் இருந்தது. மீண்டும் கண்டிப்பு வந்த பின், 2024-ல் அழிவு அதில் பாதிக்கும் கீழே இறங்கியது.

படம் காட்டும். காப்பது மனிதன் வேலை. பிரேசில் தரும் பாடம் இதுவே.

காசு எவ்வளவு?

"இதெல்லாம் பணக்காரர் படிப்பு" என்று எண்ண வேண்டாம்.

படம் அடுக்கும் 'கியூஜிஐஎஸ்' என்ற கம்ப்யூட்டர் நிரல் 2002-ல் தொடங்கப்பட்டது. அதற்கு விலை இல்லை. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் 1972 முதல் எடுத்து வைத்த படங்கள் 2008 முதல் எல்லோருக்கும் இலவசம். நம் நாட்டு விண்வெளி ஆய்வு நிறுவனம் 2009-ல் 'புவன்' என்ற படச் சேவையைத் தொடங்கியது. டேராடூனில் 1966 முதல் இதற்கென ஒரு பயிற்சி நிலையம் இருக்கிறது. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் தனி நிறுவனம் இருக்கிறது.

ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். பொறுமை வேண்டும். இவை இரண்டும் போதும்.

என்ன செய்யலாம்?

பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளிடம் உலகப் படத்தோடு ஊர்ப் படத்தையும் கொடுக்கட்டும். அமேசான் எங்கே என்று காட்டத் தெரிந்த பிள்ளைக்குத் தன் ஊர் ஏரியின் கலங்கல் எங்கே என்றும் தெரிய வேண்டும்.

கல்லூரியில் ஜி.ஐ.எஸ். படித்தவர்கள் விடுமுறைக்கு வரும்போது ஊர்ப் பிள்ளைகள் நான்கு பேருக்குச் சொல்லித் தரட்டும். எளிய தமிழில் பாடப் புத்தகங்கள் நிறைய வரட்டும்.

தமிழ்நாட்டில் மார்ச் 22-ம் தேதி, உலகத் தண்ணீர் தினத்தன்று, கிராம சபை கூடுகிறது. அன்று ஊர் ஏரியின் படத்தைச் சபையில் மாட்டுங்கள். எல்லை இது, மதகு இது, கால்வாய் இது என்று ஒரு பிள்ளை எழுந்து சொல்லட்டும். பெரியவர்கள் கேட்கட்டும். தவறு இருந்தால் திருத்தட்டும். படத்தில் விட்டுப்போன குட்டையைப் பாட்டி சொல்லட்டும், பேத்தி குறித்துக்கொள்ளட்டும்.

ஊரே பார்த்துப் படித்த ஏரியை ஓசையில்லாமல் ஒருவர் விழுங்கிவிட முடியாது.