அந்தத் 'தான்' எதற்கு?

வெள்ளியங்கிரி போய் வந்தவரைப் பார்த்தால் எங்கள் கோவைப் பக்கத்தில் கேட்கும் முதல் கேள்வி, "ஏழு மலையும் ஏறிட்டீங்ளா?" என்பதுதான்.

2012 சித்திரையில் நானும் ஆபீஸ் நண்பர் ஒருவரும் போனோம். தபால்துறையில் நான் ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. அவர் எனக்கு ஒரு வயது இளையவர். பூண்டியில் ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்கிக்கொண்டு, டார்ச் லைட் வெளிச்சத்தில் ராத்திரி ஏற ஆரம்பித்தோம். ஐந்தாவது மலையில் அவர் உட்கார்ந்துவிட்டார். நெஞ்சை யாரோ அழுத்துகிற மாதிரி இருக்கிறது என்றார். "நீங்க போயிட்டு வாங்க சார், நான் இங்கியே உக்காந்துக்கறேன்" என்றார்.

நான் போகவில்லை. அவரோடு இறங்கிவிட்டேன். ஆனால் அதை முழு மனசோடு செய்யவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கீழே வருகிற வழி முழுக்க அவரிடம் நான் நாலு வார்த்தை பேசியிருந்தால் அதிகம். அடுத்த மாதம் அவருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள்.

அதற்கப்புறம் எங்கே பார்த்தாலும், "என்னால உங்க யாத்திரை கெட்டுப்போச்சு சார்" என்பார். "அதெல்லாம் ஒண்ணுமில்லை" என்று நானும் ஒப்புக்குச் சொல்வேன். மற்றவர்கள் கேட்டால், "அஞ்சாவது மலை வரைக்கும்தான் போக முடிஞ்சது" என்பேன். அந்தத் 'தான்' இருக்கிறதே, அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

ஓய்வுக்குப் பிறகு மலையேற்றப் புத்தகங்கள் படிக்கும் பழக்கம் எனக்கு வந்தது. அதற்கு விதை 1965-லேயே விழுந்துவிட்டது. அப்போது எனக்குப் பதிமூன்று வயது. கோடை விடுமுறை. நம் நாட்டுக் கோஷ்டி எவரெஸ்ட் ஏறிய செய்தியை டீக்கடைப் பேப்பரில் பெரியவர்கள் சத்தம் போட்டுப் படித்தது நினைவிருக்கிறது. ஒருவர் இருவரல்ல, அந்தக் கோஷ்டியில் ஒன்பது பேர் உச்சியைத் தொட்டார்கள். உங்களில் பலருக்கும் ஞாபகம் இருக்கும்.

ஆனால் அதற்கு முன் இரண்டு தடவை நம்மவர்கள் போய்த் திரும்பியது எத்தனை பேருக்கு ஞாபகம்? 1960-ல் பிரிகேடியர் கியான் சிங் தலைமையில் போனார்கள். நரேந்திர குமார், சோனம் கியாட்ஸோ, நவாங் கோம்பு மூவரும் உச்சிக்கு ஏறத்தாழ 700 அடி இருக்கும்போது, காற்றும் பனியும் விடாமல் போகவே திரும்பினார்கள். 1962-ல் மேஜர் ஜான் டயஸ் தலைமையில் மறுபடியும் போனார்கள். கோலி, ஹரி டாங், அதே சோனம் கியாட்ஸோ. இந்தத் தடவை ஏறத்தாழ 400 அடி பாக்கி. மறுபடியும் திரும்பினார்கள். 400 அடி என்றால் நம் ஊரில் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிற தூரம். அந்த உயரத்தில் அது மணிக்கணக்கான வேலை. போனால் இருட்டுவதற்குள் கூடாரத்துக்குத் திரும்ப முடியாது.

பெரிய விஷயம் இதற்குப் பிறகுதான் இருக்கிறது. 1965 கோஷ்டிக்கு யாரைத் தலைவராகப் போட்டார்கள்? 1962-ல் திரும்பி வந்த கோலியை. துணைத் தலைவர் யார்? 1960-ல் திரும்பி வந்த நரேந்திர குமார். 'போன தடவை முடியாமல் வந்தவர்தானே' என்று யாரும் அவர்களை ஓரங்கட்டவில்லை. எந்த இடத்தில் காற்று எப்படி அடிக்கும், எத்தனை மணிக்குள் எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்தான். 1965-லும் முதலில் மேலே போனவர்கள் வானிலை சரியில்லை என்று கீழே வந்து, காத்திருந்து, பிறகுதான் ஏறினார்கள். மே 22 அன்று சோனம் கியாட்ஸோ உச்சியில் நின்றார். அப்போது அவருக்கு வயது 42. இரண்டு முறை திரும்பி வந்ததால்தான் மூன்றாவது முறை போக அவர் உயிரோடு இருந்தார்.

1953 கதையும் இப்படித்தான். மே 29-ல் ஹிலாரியும் டென்சிங்கும் ஏறியது எல்லோருக்கும் தெரியும். டென்சிங்குக்கு அது ஏழாவது எவரெஸ்ட் பயணம். மூன்று நாள் முன்னால், மே 26 அன்று, அதே கோஷ்டியின் போர்டிலனும் எவான்ஸும் தெற்குச் சிகரம் வரை போனார்கள். உச்சி இன்னும் 300 அடி. ஆக்ஸிஜன் கருவியில் கோளாறு, நேரமும் கடந்துவிட்டது. திரும்பினார்கள். வருகிற வழியில் பாதி தீர்ந்த இரண்டு ஆக்ஸிஜன் சிலிண்டர்களை அங்கேயே வைத்துவிட்டு வந்தார்கள். ஹிலாரியும் டென்சிங்கும் இறங்கும்போது கைகொடுத்தவை அவைதான். பேர் இரண்டு பேருக்கு, வேலை நாலு பேருடையது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 1996-ல் ராப் ஹால் என்ற நியூசிலாந்து வழிகாட்டி, பிற்பகல் 2 மணிக்கு மேல் யாரும் ஏறக்கூடாது, எங்கே இருந்தாலும் திரும்ப வேண்டும் என்று தன் ஆட்களுக்குச் சொல்லியிருந்தார். அவரோடு போனவர்களில் ஒருவர் அமெரிக்கத் தபால்துறை ஊழியர், என் இனம். முந்தைய வருஷம் உச்சிக்குப் பக்கத்தில் வந்து திரும்பியவர். அந்தக் குறை அவர் மனசில் கிடந்து உறுத்தியிருக்கிறது. இந்தத் தடவை 4 மணியும் தாண்டி உச்சிக்குப் போனார், ஹாலும் கூட இருந்தார். இரண்டு பேருமே இறங்கி வரவில்லை. விதி போட்டவரே விதியை விட்டார். நம் பாஷையில் சொன்னால் அவர்கள் 'ஏழு மலையும் ஏறியவர்கள்'.

"இதெல்லாம் தோற்றவன் சொல்லும் சமாதானம்" என்று நீங்கள் சொல்லலாம். முதல் மலைப் படிக்கட்டிலேயே மூச்சு வாங்குகிறது என்று சோம்பலில் திரும்பி, டீ குடித்துவிட்டு வருகிறவரையும் நான் மெச்சச் சொல்லவில்லை. மலையேறிகளும் அப்படி மெச்சுவதில்லை. எங்கே திரும்பினாய், ஏன் திரும்பினாய், என்ன தெரிந்துகொண்டாய் என்று அவர்கள் கேட்பார்கள். நாம் கேட்பது ஒரே கேள்வி: ஏறினாயா, இல்லையா? பரீட்சை எழுதி வந்த பேரப்பிள்ளையிடமும், கடை வைத்து மூடிய மகனிடமும் இதையேதான் கேட்கிறோம். பதில் சொல்ல முடியாமல் அவர்களும் நம்மிடம் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள். பிறகு 'பசங்க நம்மகிட்ட ஒண்ணுமே சொல்றதில்லை' என்று குறைப்பட்டுக்கொள்கிறோம்.

மலையேறிகளுக்கு உச்சி என்பது பாதி வழி. வீடு வந்து சேர்ந்தால்தான் கணக்கு முடிகிறது. அந்தக் கணக்கில் பார்த்தால், அந்தச் சித்திரை ராத்திரியில் நாங்கள் இரண்டு பேர் போனோம், இரண்டு பேரும் வந்தோம்.

போன வாரம் நண்பருக்குப் போன் போட்டு, சோனம் கியாட்ஸோ கதையைச் சொன்னேன். அன்றைக்கு இறங்கும்போது உர்ரென்று வந்ததற்கு மன்னிப்பும் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அவுரு 42 வயசுல ஏறுனாருங்க சார். நமக்கு எழுவது தாண்டிருச்சு. பூண்டி அடிவாரம் வரைக்கும் போயி சாமி கும்பிட்டு வரலாமுங்ளா?" என்றார்.

வருகிற திங்கட்கிழமை போகிறோம். அடிவாரம் வரைக்கும். 'தான்' போடவில்லை, கவனித்தீர்களா?