எழுத்தும் தவமும்

அச்சு யந்திரம் இருக்கையில் கையால் பிரதி செய்வானேன் என்று நேயர்கள் கேட்கலாம். சீன தேசத்துப் பௌத்தர்கள் இக்கேள்விக்குத் தங்கள் செய்கையினாலேயே விடை கூறியிருக்கிறார்கள்.

துன்ஹுவாங் குகையில் அகப்பட்ட வஜ்ரச்சேதிகா சூத்திரம் 868-ம் ஆண்டில் அச்சிடப்பட்டது. தேதி குறித்த அச்சு நூல்களுள் இன்று முழுமையாகக் கிடைப்பனவற்றில் அதுவே மிகப் பழமையானது. வாங் ஜியே என்பவர் தம் பெற்றோரின் பொருட்டு அதனை யாவருக்கும் இலவசமாக வழங்கச் செய்தார். ஆயினும், அதன் பிறகும் சூத்திரங்களைக் கையால் எழுதும் வழக்கம் அற்றுப் போகவில்லை. நூல் பெருகுவது ஒரு பயன். எழுதுகிறவன் உள்ளம் அடங்குவது மற்றொன்று. முன்னதை அச்சுப் பலகை தரும். பின்னதைக் கைதானே தர வேண்டும்?

யுவான் சுவாங் மொழிபெயர்த்த ஹிருதய சூத்திரத்தில் 260 எழுத்துக்களே உள்ளன. எனினும் தூரிகையில் தோய்ந்த மசி காகிதத்தில் பட்டால் அழிக்க முடியாது. மனம் ஒரு கணம் சிதறினாலும் கோடு அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஆனால் இதில் ஓர் அபாயமும் உண்டு. சீனத்தில் கையெழுத்து உயர்ந்த கலை. சூத்திரம் எழுதப் புகுந்தவன் தன் கைத்திறனையே வழிபடத் தொடங்கலாமன்றோ?

லீ ஷுதுங் என்பவர் டோக்கியோவில் ஓவியம் கற்றவர். சங்கீதத்திலும் நாடகத்திலும் பெயர் பெற்றவர். 1918-ல் துறவு பூண்டு ஹுங்யி என்ற பிக்ஷு ஆனார். மற்றக் கலைகளைத் துறந்தவர் எழுத்தை மட்டும் விடவில்லை. உதிரத்தால் சூத்திரம் எழுதவும் விரும்பினார். மூத்த துறவியான யின்குவாங் அவரைத் தடுத்து, முதலில் புத்த நாமத்தைத் தியானித்து மனத்தை ஒருமுகப்படுத்தும்படி கூறினார். சுவரில் மாட்டும் அலங்கார எழுத்து வேறு, சூத்திரம் வேறு. அரசாங்கப் பரீட்சை எழுதுபவனைப்போல ஒரு கோட்டிலும் அசிரத்தை கூடாது என்பதும் அவர் அறிவுரை.

ஹுங்யி அதற்குச் செவி சாய்த்தார். பழைய கல்வெட்டுக்களைப் பார்த்துப் பயின்ற அவருடைய மிடுக்கான எழுத்து நாளடைவில் கூர்மை மழுங்கி, அமைதியும் எளிமையும் பெற்றது. 1942-ல் அவர் மறைந்தார். திறமையைக் காட்ட மறுத்த அந்த எழுத்தைத்தான் இன்று ரசிகர்கள் போற்றிப் பாதுகாக்கின்றனர்!

திறமையைச் சம்பாதிப்பது அரிது. சம்பாதித்த திறமையை ஒரு பெரும் பொருளுக்கு முன் அடக்கி வைப்பது அதனினும் அரிது என்றே நாம் கருதுகிறோம்.