இரண்டு கார்டுகளும் ஒரு மதர்போர்டும்

கம்ப்யூட்டரில் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளைப் பொருத்தி வைத்திருக்கும் வாலிபர்கள், எதிர்பார்த்த வேகம் கிட்டாதபோது குறை மதர்போர்டில்தான் இருக்கவேண்டுமென்று தீர்மானித்து, இருப்பதைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு உயர்ந்த விலையில் வேறொன்றை வாங்கப் புறப்படுவது இன்னும் நின்றபாடில்லை. என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: விளையாட்டுகளுக்காக இரண்டு கார்டுகள் வைத்திருப்பவருக்கு மதர்போர்டை மாற்றுவதால் விளையும் பிரயோஜனம் பெரும்பாலும் அற்பமே. மதர்போர்டே மெய்யாகத் தடையாக நிற்கும் சந்தர்ப்பங்களும் உண்டு; அவை எவை என்று தெரிந்துகொள்ளாமல் எவரும் பணத்தை எண்ணிவைக்கலாகாது.

இந்த நம்பிக்கை ஆதாரமில்லாமல் பிறந்ததன்று. 1998-இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ-2 கார்டுகள் இரண்டை இணைத்து ஓட்டும் யுக்தி பிரசித்தி பெற்றது. அந்நிறுவனத்தின் உடைமைகளை வாங்கிக்கொண்ட என்விடியா 2004-இல் எஸ்.எல்.ஐ. என்ற அதே பெயரில் அதனைப் புதுப்பித்தது. அடுத்த ஆண்டிலேயே ஏ.டி.ஐ. நிறுவனம் கிராஸ்ஃபயருடன் போட்டிக்கு வந்தது. அந்நாளில் என்விடியாவின் சொந்தச் சிப்செட் அமைந்த மதர்போர்டு இல்லாவிட்டால் எஸ்.எல்.ஐ. இயங்காது, 2008-இல் இன்டெலின் எக்ஸ்58 சிப்செட்டுக்கு அனுமதி கிடைத்த பிறகுதான் அந்தக் கட்டு தளர்ந்தது. ஆகவே, இரண்டு கார்டு வேண்டுமானால் மதர்போர்டை மாற்றியே தீரவேண்டும் என்பது அக்காலத்தில் நடைமுறை உண்மை. காலம் மாறியும் அந்த எண்ணம் மட்டும் மாறாமல் தங்கிவிட்டது.

கார்டும் பிராசசரும் பேசிக்கொள்ளும் பாதைக்குப் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்று பெயர். அது லேன் லேனாகப் பிரிந்திருப்பது. மூன்றாம் தலைமுறையில் ஒரு லேன் விநாடிக்கு ஏறத்தாழ 1 ஜி.பி. தகவலைக் கொண்டுசெல்லும். சாதாரண இன்டெல் பிராசசர்கள் கிராபிக்ஸுக்கென்று பல்லாண்டுகளாகக் கொடுத்துவந்தவை 16 லேன்களே. ஒரு கார்டு இருந்தால் பதினாறும் அதற்கே. இரண்டு இருந்தால் நல்ல மதர்போர்டு அவற்றை எட்டு, எட்டாகப் பகிர்ந்தளிக்கும். இந்த எட்டைப் பதினாறாக்கினால் வேகம் இரட்டிக்கும் என்ற மயக்கத்தில்தான் பலர் 40 லேன் தரும் பிராசசருக்கும் அதற்கேற்ற எக்ஸ்99 மதர்போர்டுக்கும் பெருந்தொகை கொடுத்தார்கள். படத்தைத் தீட்டும் உழைப்பில் பெரும்பகுதி கார்டின் உள்ளேயே, அதன் சொந்த நினைவகத்தோடு நடந்து முடிந்துவிடுவதால், எட்டு லேன்களே பெரும்பாலான விளையாட்டுகளுக்குப் போதுமானவையாயிருந்தன.

மெய்யான தடை வேறோரிடத்தில் இருக்கிறது. விலை குறைந்த மதர்போர்டுகளில் இரண்டாவது ஸ்லாட், பார்வைக்கு முதல் ஸ்லாட்டைப் போலவே நீண்டிருந்தாலும், நான்கு லேன்களே உடையதாய், பிராசசரை நேரே தொடாமல் சிப்செட் வழியாகச் சுற்றிச் செல்வது வழக்கம். 2013, 2014-ஆம் ஆண்டுகளின் மதர்போர்டுகளில் இவ்வழியின் கொள்ளளவு விநாடிக்குச் சுமார் 2 ஜி.பி.; அதையும் ஹார்டு டிஸ்க்கும் நெட்வொர்க்கும் யு.எஸ்.பி.யும் பங்கு கேட்கும். அந்த 2013-இல்தான், ஏ.டி.ஐ.யை வாங்கிவிட்டிருந்த ஏ.எம்.டி. தன் ஆர்9 290 கார்டுகளில், இரண்டையும் இணைக்கும் தனிப் பாலத்தை நீக்கிவிட்டு, தீட்டி முடித்த ஃபிரேம்களையும் ஸ்லாட் வழியாகவே அனுப்பத் தொடங்கியது. 3840-க்கு 2160 புள்ளிகள் கொண்ட ஒரு ஃபிரேம், புள்ளிக்கு நான்கு பைட் வீதம், 33 எம்.பி. ஆகிறது, விநாடிக்கு அறுபது ஃபிரேம்களில் பாதியை இரண்டாவது கார்டு தருமானால் அதற்கு மட்டுமே ஏறக்குறைய 1 ஜி.பி. வேண்டும். பாதையில் பாதி அதிலேயே தீர்ந்துபோகிறது. இத்தகைய நிலையில் இருப்பவர் எட்டு, எட்டாகப் பிரிக்கும் மதர்போர்டுக்கு மாறினால் பலன் பிரத்தியட்சமாகவே தெரியும். எஸ்.எல்.ஐ. வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சங்கடமே நேருவதில்லை; நான்கு லேன் ஸ்லாட்டில் என்விடியா அதனை இயங்கவே விடாது.

இன்னொன்று உஷ்ணம். இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆயினும் லேன் கணக்கைவிட இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஸ்லாட்டுகள் நெருக்கமாயமைந்த மதர்போர்டில் மேல் கார்டின் விசிறிக்கும் கீழ்க் கார்டின் முதுகுக்கும் இடையே விரற்கடை இடமும் இராது. 2012-க்குப் பிந்திய கார்டுகள் சூடு ஏறினால் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும் இயல்புடையவை. மேல் கார்டு அவ்வாறு தளர்ந்தால், ஒன்றுவிட்டொன்றாக ஃபிரேம்களைத் தீட்டும் முறையில், கீழ்க் கார்டும் அதற்காகக் காத்திருக்க நேரிடுகிறது. ஸ்லாட்டுகளுக்கிடையே ஒரு ஸ்லாட்டளவு கூடுதல் இடைவெளியுள்ள மதர்போர்டு இந்தத் துன்பத்தை நீக்கிவிடும்.

இவ்விரண்டும் இல்லாத இடத்தில் மதர்போர்டைப் பழிப்பது நியாயமன்று. விளையாட்டை எழுதியவர்கள் இரண்டு கார்டுகளுக்கு இடங்கொடுக்காமல் எழுதியிருந்தாலும், டிரைவரில் அதற்கான ஏற்பாடு இல்லாவிட்டாலும், இரண்டாவது கார்டு சும்மாதான் இருக்கும். ஒவ்வொன்றிலும் 4 ஜி.பி. நினைவகம் இருந்தால் மொத்தம் 8 ஜி.பி. ஆகுமென்று நம்புவதும் பிழை. இரண்டும் ஒரே சரக்கைத் தனித்தனியே சுமப்பதால் விளையாட்டுக்குக் கிடைப்பது 4 மட்டுமே. எந்த மதர்போர்டும் இவற்றைத் திருத்தாது.

அப்படியானால், மாற்றினேன், வேகம் கூடியது என்று சத்தியமாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் கண்டது மெய். காரணத்தை மட்டும் வேறொன்றின்மேல் ஏற்றுகிறார்கள். இன்டெல் 2011, 2013, 2015 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து சாக்கெட்டை மாற்றியதால், புதுத் தலைமுறை மதர்போர்டு வாங்கியவர் பிராசசரையும், சில வேளைகளில் ராமையும் சேர்த்தே வாங்கவேண்டியதாயிற்று. இரண்டு கார்டுகளுக்கும் ஓயாமல் வேலை கொடுக்கத் திணறிக்கொண்டிருந்த பழைய பிராசசர் போய்ப் புதியது வந்தவுடன் ஃபிரேம்கள் உயர்ந்தன. புகழ் மதர்போர்டுக்குச் சேர்ந்தது.

இன்று இந்த விவாதத்தின் பெரும்பகுதியை நிறுவனங்களே முடித்துவைத்துவிட்டன. 2021 ஜனவரி முதல் என்விடியா எஸ்.எல்.ஐ.க்குப் புதிய டிரைவர் ஏற்பாடுகள் செய்வதை நிறுத்திவிட்டது; 2022-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டில் இணைப்புக்கான முனையே இல்லை. எனவே விளையாட்டுக்காக யோசிப்பவர் இருக்கும் இரண்டையும் விற்று, மதர்போர்டுக்கென ஒதுக்கிய பணத்தையும் சேர்த்து, ஒரே நல்ல கார்டாக வாங்குவதே உசிதம். பிளெண்டரில் காட்சி தீட்டுபவர் கதை வேறு; அங்கே ஒவ்வொரு கார்டும் காட்சி முழுவதையும் தன்னிடம் வைத்துக்கொண்டு தனியே உழைப்பதால், குறுகிய ஸ்லாட்டும் அவ்வளவாகக் கெடுதல் செய்வதில்லை. 24 ஜி.பி. கொண்ட ஆர்.டி.எக்ஸ். 3090 கார்டுகள் இரண்டில் மொழி மாதிரி ஒன்றை அடுக்கடுக்காகப் பிரித்து ஓட்டிப் பார்ப்பவருக்கும் அப்படியே. மாதிரியைப் பயிற்றுவிக்கும்போதோ கார்டுகள் தம் கணக்குகளை அடிக்கடி பரிமாறிக்கொள்வதால், அதிக லேன்களுள்ள மதர்போர்டுக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது.

வேறு மதர்போர்டு வாங்குமுன் இருப்பதில் செய்யவேண்டிய பரீட்சை எளியது. ஜி.பி.யூ.-இசட் என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு கார்டும் எத்தனை லேனில், எந்தத் தலைமுறையில் இயங்குகிறது என்று காட்டும். ஓய்விலிருக்கும் கார்டு பாதையின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுமாதலால், பளு கொடுத்துவிட்டுப் பார்க்கவேண்டும். எட்டு என்று இரண்டிலும் வந்து, உஷ்ணத் தொல்லையும் இல்லையென்றால், இருக்கும் மதர்போர்டோடு இருந்துவிடலாம். ஆனால் எந்த மதர்போர்டையும் வாங்கிய பிறகே இப்படிச் சோதிக்கமுடிகிறது என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது. நான்கு லேன் ஸ்லாட்டை வைத்துக்கொண்டு பெட்டியின்மேல் கிராஸ்ஃபயர் சின்னத்தை அச்சிட்டு விற்ற மதர்போர்டுகள் பல. உண்மை விவரம் கையேட்டின் உட்பக்கத்தில் சிறிய எழுத்தில் கிடந்தது. இரண்டாவது ஸ்லாட்டுக்கு எத்தனை லேன், அது பிராசசரிலிருந்து வருகிறதா சிப்செட்டிலிருந்து வருகிறதா என்ற இரண்டு விவரங்களையும் பெட்டியின் முகப்பிலேயே அச்சிடும்படி தயாரிப்பாளர்களை நாம் வற்புறுத்தவேண்டும். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு சொல்லும் பொறுப்பை விற்பனையாளர்களும் ஏற்கவேண்டும்.