கருவிக்கும் மறுசாட்சி வேண்டும்

ஒரு சங்கத்தின் நூல் கிடங்கைத் தணிக்கை செய்தபோது, இருப்புப் புத்தகமும் சரக்கின் எடையும் இம்மியும் பிசகாமல் ஒத்திருக்கக் கண்டேன். முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துப் பார்த்த பின்னரே தராசு பிழையானது எனத் தெரிந்தது. வரவும் இருப்பும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டமையால் பிழை மறைந்து கிடந்தது. வானத்தை அளப்போரையும் இத்தகைய பிழை ஏமாற்றியதுண்டு.

காற்று வறண்டால் பாவு இழை அறுவதை நெசவாளர் அறிவர். காற்றில் ஈரம் திரண்டாலன்றி மழையில்லை என்பதை உழவர் அறிவர். மேல் வானத்தின் ஈரத்தை அறியும் பொருட்டு, உலகெங்கும் உள்ள பல நிலையங்களிலிருந்து பலூன்களில் சிறு கருவிகள் அனுப்பப்படுகின்றன. சென்னை மீனம்பாக்கம் அந்நிலையங்களுள் ஒன்று. நீராவியை ஏற்கும் மெல்லிய படலமொன்றின் மின் தன்மை மாறுவதைக் கொண்டு, இக்காலக் கருவிகள் ஈரப்பதத்தைக் கணித்து வானொலி அலை வழியே தெரிவிக்கின்றன.

1992 நவம்பர் முதல் 1993 பிப்ரவரி வரை மேற்குப் பசிபிக் கடற்பகுதியில் பல நாட்டு விஞ்ஞானிகள் பெரியதோர் ஆராய்ச்சி நடத்தினர். அங்குப் பறந்த கருவிகளுள் பல, காற்றை உள்ளதைவிட வறண்டதாகக் காட்டின. எண்களைத் தனியே பார்ப்பவருக்கு ஐயம் எழ இடமில்லை. தரைமட்டத்தில் வேறு கருவிகள் காட்டிய அளவோடு ஒப்பிட்டபோதே வேறுபாடு வெளிப்பட்டது. பலூன் கணக்கின்படி இடிமேகம் எழுவதற்கான வலு காற்றில் குறைவு. வானமோ மேகம் திரண்டு பொழிந்தது! கருவியைச் சுற்றியிருந்த உறையிலிருந்து கசிந்த ஆவி படலத்தில் படிந்து, நீராவிக்குரிய இடத்தைப் பிடித்துக்கொண்டதே காரணம் எனப் பின்னர்த் தெளிந்தனர். கருவி கிடங்கில் இருந்த காலம் நீள நீளப் பிழையும் வளர்ந்தது.

வேறு சோதனைகளும் உள. மேகத்தை விட்டு வெளியேறிய பின்னரும் கருவி 100 சதவிகிதமே காட்டுமாயின், அது நனைந்துவிட்டது எனக் கொள்ளலாம். பகல் அளவுகள் மட்டும் இரவு அளவுகளைவிட ஓயாது வறண்டு காணப்படின், வெயிலில் படலம் சூடேறியதோ என ஐயுறல் வேண்டும்.

பிழையான அளவைத் தூக்கி எறிவதே தக்கது என்பார் உளர். எனக்கு அஃது உடன்பாடன்று. பசிபிக் அளவுகள் எறியப்படவில்லை. கருவியின் வயதைக் கணக்கிட்டுத் திருத்தப்பட்டன. ஆயினும் திருத்துவோர் மூல எண்ணையும், திருத்திய எண்ணையும், அதற்கான காரணத்தையும் அருகருகே எழுதிவைத்தல் வேண்டும். மறைவாகத் திருத்திய கணக்கு, திருத்தாத கணக்கினும் தீயது.

நமது உழவரின் நெல்லுக்கும் ஈரமானி காட்டும் எண்ணைக் கொண்டே கழிவு பிடிக்கப்படுகிறது. அதே நெல்லை நிறுத்து, அடுப்பில் முற்ற உலர்த்தி, மீண்டும் நிறுத்துப் பார்ப்பதே அதற்கு மறுசாட்சி. கொள்முதல் பருவம் தொடங்குமுன் அங்கத்தினர் முன்னிலையில் இச்சோதனையை நடத்தி, முடிவைப் பதிவேட்டில் எழுதுமாறு ஒவ்வொரு சங்கமும் தீர்மானிக்கட்டும். அதனைக் கேட்பது அவநம்பிக்கையன்று, அங்கத்தினரின் கடமை.