கப்பல் குடிக்கும் நல்ல தண்ணீர்

பனாமா கால்வாயின் மிராஃப்ளோரஸ் லாக்கை நோக்கி ஒரு சரக்குக் கப்பல் மெல்ல ஊர்ந்து வருகிறது. நீளம் ஏறக்குறைய 290 மீட்டர். மேலே கன்டெய்னர்கள் தீப்பெட்டி அடுக்கியதுபோல நிற்கின்றன. அதன் எதிரே ஒரு துடுப்புப் படகு. அதில் இரண்டே பேர். ஒருவர் துடுப்புப் போடுகிறார். இன்னொருவர் கரையிலிருந்து கொண்டுவந்த கயிற்றைக் கப்பல்காரர்களிடம் சேர்க்கிறார். அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் கனமான இரும்பு வடங்கள் கப்பலுக்கு ஏறும். உலக வணிகத்தின் இத்தனை பெரிய வாசலில் இவ்வளவு சின்ன வேலையா என்று சிரிப்பு வரலாம். ஆனால், கால்வாய் நூறு வயதைத் தாண்டிய பிறகும் இந்தப் படகுக்காரர்களுக்கு அங்கே வேலை இருந்தது.

வடங்களின் மறுமுனை, இருபுறமும் தண்டவாளத்தில் ஓடும் சிறு மின்சார எஞ்சின்களில் இருக்கும். அவற்றுக்கு அங்கே ‘கோவேறு கழுதை’ என்று பெயர். பெயரைக் கேட்டு அவைதான் கப்பலை இழுக்கின்றன என்று பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. கப்பல் தன் சொந்த எஞ்சினில்தான் நகர்கிறது. அது சுவரில் உரசாமல் நடுவில் பிடித்துக்கொள்வதே கழுதைகளின் வேலை. பழைய லாக்கின் அகலம் 33.5 மீட்டர். அதில் நுழைய அனுமதிக்கப்படும் பெரிய கப்பலின் அகலம் 32.3 மீட்டர். பக்கத்துக்கு ஒன்றரை முழம்கூட இடைவெளி இல்லை!

சரி, கடலில் போகும் கப்பல் எதற்காக இப்படி ஒரு தொட்டிக்குள் நுழைய வேண்டும்? மலை ஏறத்தான்.

சூயஸ் கால்வாயை வெட்டிப் பெயர் வாங்கிய பிரெஞ்சுக்காரர் லெசெப்ஸ், பனாமாவையும் அதேபோல் கடல் மட்டத்துக்கே வெட்டிவிடலாம் என்று நம்பினார். சூயஸ் மணல், பனாமா மலையும் காடும் மழையும். 1881-ல் தொடங்கிய அந்த வேலை 1889-ல் திவாலானது. அதற்குள் சுமார் 20,000 பேர் இறந்துபோனார்கள் என்பது கணக்கு. பெரும்பாலும் மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும்.

இதில் ஒரு வேதனையான விஷயம் உண்டு. எறும்பு வராமலிருக்க நம் வீடுகளில் அலமாரியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி வைப்போம் இல்லையா? பிரெஞ்சு மருத்துவமனையில் நோயாளிகளின் கட்டில் கால்களையும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். அந்தக் கிண்ணங்களில் கொசு முட்டையிட்டது. காய்ச்சலுக்கு வைத்தியம் பார்த்த இடத்திலேயே காய்ச்சல் வளர்ந்தது. மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள உறவை ரொனால்ட் ராஸ் நம் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-ல்தான். பிரெஞ்சுக்காரர்களுக்கு அது எட்டு வருடம் தாமதம்.

1904-ல் அமெரிக்கர்கள் வேலையைக் கையில் எடுத்தபோது முதலில் கொசுவை ஒழித்தார்கள். அப்படியும் அவர்கள் காலத்தில் 5,600-க்கும் மேற்பட்டவர்கள் நோயாலும் விபத்தாலும் இறந்தார்கள். பலர் பார்படோஸ் போன்ற கரீபியத் தீவுகளிலிருந்து கூலிக்கு வந்த கறுப்பினத் தொழிலாளர்கள்.

மலையைக் கடல் மட்டம் வரை வெட்டுவதை விட்டுவிட்டு, கப்பலை மேலே தூக்குவது என்று முடிவானது. சாக்ரெஸ் என்ற ஆற்றின் குறுக்கே அணை கட்டினார்கள். கத்தூன் ஏரி உருவானது. அது கடல் மட்டத்திலிருந்து 26 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதாவது எட்டு மாடி. ஒரு பக்கம் மூன்று படி ஏறி, ஏரியில் பயணம் செய்து, மறுபக்கம் மூன்று படி இறங்கினால் அடுத்த பெருங்கடல். 1914 ஆகஸ்ட் 15-ல் கால்வாய் திறந்தது. தென் அமெரிக்காவின் தென்கோடியைச் சுற்றிப் போன நியூயார்க் – சான் ஃபிரான்சிஸ்கோ கப்பல்களுக்குச் சுமார் 13,000 கிலோமீட்டர் மிச்சம்.

படி ஏறும் வித்தை எளிது. வாளிக்குள் ஒரு மக்கை மிதக்கவிட்டுக் குழாயைத் திறந்தால், தண்ணீர் உயர உயர மக்கும் உயரும். அவ்வளவுதான். கப்பல் தொட்டிக்குள் வந்ததும் பின்னால் கதவு மூடும். மேலே உள்ள ஏரித் தண்ணீர், சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் ஓடும் பெரிய குழாய்கள் வழியாகத் தொட்டியை நிரப்பும். சுமார் எட்டு நிமிடம். முன்கதவு திறக்கும், கப்பல் அடுத்த தொட்டிக்குப் போகும். தண்ணீரை ஏற்ற பம்ப் எதுவும் கிடையாது. மேலிருந்து கீழே பாயும் தண்ணீரின் குணம் ஒன்றே போதும்.

இந்த எளிமையில்தான் சிக்கலும் இருக்கிறது. மேலிருந்து பாய்ந்த தண்ணீர் மறுபடி மேலே வராது. கடைசித் தொட்டியிலிருந்து கடலுக்குப் போய்விடும். ஒரு கப்பல் இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்குப் போக, பழைய லாக்குகளில் சுமார் 20 கோடி லிட்டர் செலவாகிறது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரியாகக் கணக்குப் போட்டால் பதினாறாயிரம் லாரிக்கு மேல். அத்தனையும் மழைத் தண்ணீர், நல்ல தண்ணீர். பனாமா நகரத்திலும் கொலோனிலும் வீட்டுக் குழாய்களில் வருவதும் இதே நீர்த்தேக்கங்களின் தண்ணீர்தான். நாட்டின் மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் இதை நம்பியிருக்கிறார்கள்.

கடல் தண்ணீரையே மேலே ஏற்றிவிடக் கூடாதா? ஏற்றலாம், ஏரி உப்பாகிவிடும். பிறகு குடிக்க என்ன செய்வது?

2016-ல் திறக்கப்பட்ட புதிய, அகலமான லாக்குகளில் இதை யோசித்தே பக்கத்தில் சேமிப்புத் தொட்டிகள் கட்டினார்கள். ஒருமுறை பயன்படுத்திய தண்ணீரில் 60 சதவீதத்தை அவை திரும்பத் தரும். நல்ல ஏற்பாடுதான். ஆனால், புதிய லாக்குகள் வந்த பிறகு ஏரியில் உப்பு கூடியிருக்கிறது என்ற கவலையும் அதோடு வந்தது.

2023-ல் எல் நினோ வந்தது. மழைக்காலத்தின் நடுவே இருக்கும் அக்டோபர், 1950-க்குப் பிறகு இல்லாத அளவுக்கு வறண்டது. ஏரி இறங்கியது. வழக்கமாக ஒரு நாளைக்கு 36 கப்பல் போகும் இடத்தில் படிப்படியாகக் குறைத்து 22-க்குக் கொண்டுவந்தார்கள். கப்பல் நீரில் அமிழும் ஆழத்துக்கும் கட்டுப்பாடு. சில கப்பல்கள் ஒரு கரையில் கன்டெய்னர்களை இறக்கி ரயிலில் அனுப்பி, லேசாகிக் கால்வாயைக் கடந்து, மறுகரையில் திரும்ப ஏற்றிக்கொண்டன. வரிசையில் முன்னால் போக ஏலம் நடந்தது. அந்த நவம்பரில் ஒரு கப்பலுக்காகக் கட்டப்பட்ட தொகை கிட்டத்தட்ட 40 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் முப்பது கோடி ரூபாய்க்கு மேல்! வழக்கமான கட்டணம் தனி. (1928-ல் ரிச்சர்ட் ஹாலிபர்ட்டன் என்ற பயண எழுத்தாளர் இந்தக் கால்வாயை நீந்தியே கடந்தார். எடைக்கேற்ப அவரிடம் வசூலித்தது 36 சென்ட்.)

அடுத்த ஆண்டு மழை பெய்து ஏரி நிரம்பியது. கப்பல்களும் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பின. ஆனால், பயம் போகவில்லை. பக்கத்தில் ஓடும் இந்தியோ ஆற்றில் இன்னொரு அணை கட்டி, அந்தத் தண்ணீரைச் சுரங்க வழியாகக் கத்தூன் ஏரிக்குக் கொண்டுவருவது கால்வாய் நிர்வாகத்தின் திட்டம். குடிதண்ணீருக்கும் இதுவே பாதுகாப்பு என்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. ஆனால், அணை வந்தால் சுமார் 2,000 பேரின் வீடும் நிலமும் நீருக்கடியில் போகும். பெரும்பாலும் சிறு விவசாயிகள். இழப்பீடும் மாற்று இடமும் தருவதாகச் சொல்கிறார்கள்.

அவர்களுக்கு இந்தப் பேச்சு நம்பிக்கை தராததில் வியப்பில்லை. நூறாண்டுக்கு முன் கத்தூன் ஏரி நிரம்பியபோதும் சாக்ரெஸ் கரையில் இருந்த ஊர்கள் காலியாகி மூழ்கின. மலையுச்சி ஒன்று தீவாகி, பாரோ கொலராடோ என்ற பெயரில் இன்று உலக விஞ்ஞானிகள் ஆராய்ச்சிக்கு வரும் இடமாகிவிட்டது. ஊர்கள் திரும்பவில்லை.

2025-ல் இந்தியோ ஆற்றங்கரை மக்கள் எதிர்ப்புத் தெரிவிக்க ஊர்வலம் போனார்கள். சாலையில் அல்ல, ஆற்றிலேயே, தாங்கள் சந்தைக்கும் உறவினர் வீட்டுக்கும் போய்வரும் சின்னப் படகுகளில்.