கூரையை அறுத்தால் ஸ்பிட்ஃபயர் ஆகிவிடுமா?

போன வாரம் என் தம்பி மகன் கைபேசியில் ஒரு படம் காட்டினான். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கொட்டகையில் பல வருஷமாகக் கோழிகள் குடியிருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3. நாலு கதவு வண்டி. விலை பேசி முன்பணமும் கொடுத்துவிட்டானாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த வார்த்தையிலேயே அதைக் கெடுத்தான்.

"கூரையை அறுத்துட்டு, பின் கதவு ரெண்டையும் வெல்டு வச்சு மூடிட்டா, அப்படியே ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மாதிரி ஆயிரும் பெரியப்பா. டிங்கர்கிட்ட பேசிட்டேன். ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் ஒரே குடும்பந்தானே?"

ஒரே குடும்பம் என்பது உண்மை. மற்றதெல்லாம் தப்பு. ஏன் தப்பு என்று சொல்லி முடிப்பதற்குள் அவனுக்குப் போன் வந்துவிட்டது, கிளம்பிவிட்டான். ஆகவே இங்கே எழுதுகிறேன். அவனைப் போல யோசிப்பவர்கள் மதுரையில் இன்னும் சிலர் இருப்பார்கள்.

முதலில் குடும்பக் கதை. 1950-களில் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ப் கம்பெனிக்குப் பாடி செய்து தந்த நிறுவனத்தைப் போட்டிக் கம்பெனி வாங்கிவிட்டது. முழு பாடி செய்து தர ஆளில்லை. சரி, தனியாக ஒரு சேசி, அதன்மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு மாட்டும் பாடி என்று முடிவெடுத்தார்கள். அதை வரைந்தவர் இத்தாலியின் தூரின் நகரத்து ஜியோவன்னி மிக்கெலொட்டி. 1959-ல் ஹெரால்டு வந்தது. 1961-ல் மெட்ராஸை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் அதைச் செய்ய ஆரம்பித்தது. அதே சேசியைக் குட்டையாக்கி, அதே மிக்கெலொட்டி வரைந்த இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார்தான் 1962-ல் வந்த ஸ்பிட்ஃபயர்.

நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் தெரு டாக்டரிடம் ஒரு ஹெரால்டு இருந்தது. பானெட்டைத் திறந்தால் இரண்டு மட்கார்டும் விளக்குகளும் சேர்ந்தே மேலே எழும்பும், முதலை வாய் பிளப்பது மாதிரி. அதைப் பார்க்கவே பையன்கள் கூடுவோம். இன்னொரு வேடிக்கை, 25 அடி அகலம் இருந்தால் போதும், வண்டி முழு வட்டம் அடித்துவிடும். மாசி வீதியில் மாட்டு வண்டிகளுக்கு நடுவே டாக்டர் ஒரே மூச்சில் திருப்பிக்கொண்டு போவார். அந்த இரண்டு கதவு ஹெரால்டுதான் அழகு என்பதை நான் மறுக்கவில்லை.

இப்போது ஸ்பிட்ஃபயரின் முகங்களை வரிசையாகப் பாருங்கள். 1967-ல் மார்க் 3 வந்தபோது முன் பம்பரைத் தூக்கி கிரில்லுக்கு நேரே வைத்தார்கள். எலும்பைக் கவ்விய நாய் மாதிரி இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களே கேலி செய்தார்கள். ஆனால் அமெரிக்காவில் விற்க வேண்டுமென்றால் பம்பர் இந்த உயரத்தில் இருக்க வேண்டும் என்று விதி. 1970-ல் மார்க் 4. மிக்கெலொட்டியே திரும்ப உட்கார்ந்து வாலை நேராக வெட்டி, மட்கார்டு மேலே ஓடிய தையல் கோடுகளை எடுத்தார். வெளியே மாறிய அதே சமயத்தில், வளைவில் காலை வாரிவிடுகிறது என்று பெயர் வாங்கியிருந்த பின் சஸ்பென்ஷனையும் மாற்றினார்கள். எது அழகு என்பதில் சண்டை போடலாம். ஆனால் அங்கே ஒவ்வொரு மாற்றத்துக்கும் கேட்டால் சொல்ல ஒரு காரணம் இருந்தது.

நம் வண்டலூர்க் கதையும் அப்படித்தான், இதைத்தான் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். பழைய கார் பிரியர்கள் நாலு கதவு ஹெரால்டை இளக்காரமாகப் பார்க்கிறார்கள். 'கோட்டைக் கெடுத்துவிட்டார்கள்' என்பது அவர்கள் பாட்டு. நான் கேட்கிறேன், இரண்டு கதவு வண்டியில் உங்கள் அப்பத்தாவைப் பின் சீட்டில் ஏற்றியிருக்கிறீர்களா? முன் சீட்டை மடக்கி, புடவையைச் சுருட்டிப் பிடித்து, தலையைக் குனிந்து, ஒரு காலை உள்ளே விட்டு... ஊரில் கார் என்பது இரண்டு பேர் காற்று வாங்கப் போகும் சாமான் இல்லை. ஏழு பேர் அழகர்கோயில் போகும் சாமான். அறுபதுகளின் கடைசியில் வண்டலூர்க்காரர்கள் நாலு கதவு போட்டது அந்த அப்பத்தாவுக்காக.

அடுத்து வந்த கெஸலும் அப்படியே. எழுபதுகளின் தொடக்கத்தில் கிரில்லை மாற்றிப் பின்பக்கத்தையும் புதிதாக வரைந்தார்கள். அந்தப் பின்பக்கம் அழகில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குனிந்து அடியில் பாருங்கள். ஹெரால்டின் பின் அச்சு இரண்டு பக்கமும் தனித்தனியாக ஆடும். பின்னால் நாலு பேர் உட்கார்ந்தால் சக்கரங்களின் கீழ்ப்பக்கம் வெளியே விரிந்து, வண்டி சப்பணம் போடும். டயரின் உள் ஓரம் தேய்ந்துபோகும். மெக்கானிக்குகளுக்கும் அது பிடிக்கவில்லை. கெஸலில் அதை எடுத்துவிட்டு ஒரே தண்டாக நேர் அச்சு போட்டார்கள். நம் ரோட்டுக்கும் நம் பாரத்துக்கும் ஏற்றது அதுதான்.

காரணமில்லாத அழகு எப்படி இருக்கும் என்பதையும் அதே கம்பெனி காட்டியது. 1985-ல் வந்த ஸ்டாண்டர்டு 2000. மூலம் இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. டேவிட் பாஷ் அதை வரைந்தபோது ஃபெராரி டேட்டோனாவை மனதில் வைத்திருந்தார். மூக்கைப் பார்த்தாலே தெரியும். 1976-ல் அங்கே வந்தபோது உள்ளே 3.5 லிட்டர், எட்டு சிலிண்டர். 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் பட்டமும் வாங்கியது. வண்டலூரில் அந்த உடலுக்குள் வைத்தது, நாற்பதுகளில் பிறந்த வேன்கார்டு வழி வந்த இரண்டு லிட்டர் இன்ஜின். நம் ரோட்டுக்காக வண்டியை உயர்த்திவிட்டார்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றது. முகத்தில் ஃபெராரி, மார்புக்குள் தாத்தா. 1988-ல் உற்பத்தியே நின்றுபோயிற்று. அது நின்றதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் முகம் சொன்னதை உள்ளிருந்தது செய்து காட்டவில்லை என்பதை ஓட்டியவர்கள் மறக்கவில்லை.

என் தம்பி மகன் செய்யப்போவது இதே வேலைதான், சின்ன அளவில். கூரை போனாலும் சேசி தாங்கும், அது சரி. ஆனால் ஸ்பிட்ஃபயரின் சேசி குட்டை. இவன் வண்டி நீளம். எவ்வளவு வெட்டினாலும் அந்த அளவு வராது, கூரை போன ஹெரால்டுதான் மிஞ்சும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வேறு இருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் இருப்பது தயாரித்தவர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது.

'என் காசு, என் வண்டி' என்பான். சரி, அப்படியே இருக்கட்டும். ஒரு கணக்கு மட்டும் சொல்கிறேன். ஸ்பிட்ஃபயர் மொத்தம் மூன்று லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். வெளிநாட்டில் ஏலம் தோறும் கிடைக்கும். நாலு கதவு ஹெரால்டு உலகத்தில் வேறெந்தத் தொழிற்சாலையிலிருந்தும் வந்ததில்லை, வண்டலூரைத் தவிர. எங்கும் கிடைப்பதன் போலிக்காக, நம்மிடம் மட்டும் இருந்ததை அறுக்கப் போகிறான்.

ஆகவே அவனுக்கு ஒன்று சொல்கிறேன். கோழிகளை இறக்கிவிடு. வண்டியை நன்றாகக் கழுவு. நாலு கதவையும் திறந்து வைத்து, உன் அம்மாவைப் பின் சீட்டில் ஏறி உட்காரச் சொல். முட்டி வலிக்காரி, எவ்வளவு சுலபமாக ஏறுகிறாள் என்று பார். அதற்குப் பிறகும் டிங்கரைக் கூப்பிட மனசு வந்தால், கூப்பிட்டுக்கொள்.